தம்பிக்கு ஒரு லைன் எடுத்த கதை

இப்பக்கங்களில் சகோதரிகள் பலர் தையல், கோழி வளர்ப்பு, வீட்டுத்தோட்டம், சீட்டு என்று தங்கள் அனுபவங்களை எழுதி வருகின்றார்கள். நான் எழுத வந்த விடயத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். மகன் கொம்பியூட்டரில் விளையாடுவதற்கு எந்த இன்ரநெற் இணைப்பை எடுப்பது என்று மூன்று மாதம் நான் அலைந்த கதை இது. விளையாட்டுக்கோ இவ்வளவும் என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

2025 ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் கொடுக்க வேண்டிய சட்டை ஒன்றுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். மகன் அறைக்குள்ளிருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றான். முகம் வாடிக் கிடந்தது.

“என்னடா தம்பி?”

“தோத்திட்டம் அம்மா. நான் சுட முதலே செத்துப்போனன்.”

மெசினை மிதித்த கால் அப்படியே நின்றுவிட்டது. சுடுவது, சாவது என்ற சொற்களை எங்கள் வீட்டில் நாங்கள் சும்மா பேசுவதில்லை. 2009 மாசியில் இவனுக்கு ஒரு வயது. இவனை நெஞ்சோடு சேலையால் கட்டிக்கொண்டு புதுக்குடியிருப்பிலிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தவள் நான். அந்த வைகாசிக்குப் பிறகு இவனுடைய அப்பா எங்களிடம் திரும்பி வரவில்லை. இப்போது இவன் என் முன்னால் நின்று, செத்துப்போனேன் என்று சாதாரணமாகச் சொல்கிறான்.

வலோரன்ட் என்பது அந்த விளையாட்டின் பெயர். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். முதலில் 13 சுற்று வெல்கின்ற அணிக்கு வெற்றி. இவனும் இவனோடு ஏ.எல். படிக்கின்ற நாலு பெடியளும் ஓர் அணி. பாடசாலை அணிகளுக்கான போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அவரவர் வீட்டிலிருந்தே விளையாடலாம். மற்ற நாலு வீட்டிலும் நல்ல லைன். எங்கள் வீட்டில் என்னுடைய போனின் டேட்டாவைக் கொம்பியூட்டருக்குக் கொடுத்து விளையாடினான். அந்தக் கொம்பியூட்டரும் 2020 பங்குனியில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டிப் படிப்பெல்லாம் போனுக்குள் வந்த பிறகு, கனடாவில் இருக்கும் அக்கா அனுப்பிய காசில் வாங்கிய பழையது.

“எங்கட வீட்டு லைனாலதான் தோத்தது எண்டு பெடியள் ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனா எனக்குத் தெரியும் அம்மா.”

அவர்கள் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். சொல்லாமல் விட்டதுதான் குத்தியது.

ஆனாலும் உடனே ஓம் என்று சொல்லிவிடவில்லை. இரண்டு கிழமை மறுத்தேன். காசு ஒரு காரணம். மற்றது சத்தம். எங்களோடு மாமி இருக்கிறா. எண்பது வயதாகிறது. ஒருநாள் இவன் ஒலிபெருக்கியைக் கழற்ற மறந்து விளையாட, மாமி சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்கு வந்து, “பிள்ளை, எங்கை அடிக்கிறாங்கள்?” என்று கேட்டா. அன்றைக்கே காதுக்குப் போடுகிற ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்து, இது இல்லாமல் கொம்பியூட்டரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அந்தச் சத்தம் ஆகாது. மாமியைச் சாட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

சுடுகின்ற விளையாட்டுத்தான் வேண்டுமோ என்று அவனிடம் கேட்டேன். அவன் சண்டை பிடிக்கவில்லை. 2023 இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கொம்பியூட்டர், போன் விளையாட்டுகளுக்கும் முதன்முறையாகப் பதக்கம் கொடுத்தார்கள் என்றான். பப்ஜி என்ற விளையாட்டை அங்கே மாற்றி வைத்தார்களாம்: ஆளை ஆள் சுடுவதில்லை, வாகனம் ஓட்டிக்கொண்டு போய்க் குறிப் பலகைகளைச் சுடுவது. “அப்ப உங்கடையையும் அப்பிடி மாத்தச் சொல்லு” என்றேன். சிரித்தான். என்னோடு அவன் சிரித்துக் கனநாள். சரி, என்னதான் பிழைக்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்து என்று கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.

அவன் ‘பிங்’ என்றான், ‘லாக்’ என்றான். இங்கே இவன் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி சிங்கப்பூரிலோ மும்பாயிலோ இருக்கிற விளையாட்டுக் கம்பனியின் கொம்பியூட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வர வேண்டுமாம். போய்த் திரும்பும் நேரத்துக்குப் பிங் என்று பெயர். ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்து மில்லிசெக்கனில் அளப்பார்கள். 60 என்றால் நல்லது. 200 என்றால், திரையில் இவன் காண்கிற எதிராளி உண்மையில் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டான். அவன் இவனைச் சுட்டு முடித்த செய்தி இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியது மட்டுமல்ல, வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

1999 இல் நாங்கள் மல்லாவியில் இருந்தோம். அப்பா காய்ச்சலில் மோசம் போனார். அக்காவுக்கு அறிவிக்க வேண்டும். வன்னியில் அப்போது வீடுகளில் போன் ஏது? சற்றலைற் போன் வைத்திருந்த ஓர் இடத்தில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டிக் கதைக்கலாம். வரிசையில் நின்று கதைத்தேன். “அக்கா, அப்பா போட்டார்” என்றேன். மறுபக்கம் ஒன்றுமில்லை. கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, காசு போகிறதே என்ற அந்தரத்தில் இன்னும் உரத்து, “அப்பா செத்துப்போனார் அக்கா” என்று சொல்லத் தொடங்கினேன். நான் பாதியில் நிற்கும்போது அவவின் குழறல் வந்தது. அது என்னுடைய முதல் வசனத்துக்கான குழறல். அது வந்து சேரும் நேரத்தில் என்னுடைய இரண்டாவது வசனம் அவவிடம் போய்க்கொண்டிருந்தது. ஒரே சாவை அவ இரண்டு தரம் கேட்டா. இன்றுவரை அக்கா அதைச் சொல்லுவா.

அப்படிப்பட்ட செய்மதி பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது என்று மகன் சொன்னான். குரல் மேலே ஏறிக் கீழே இறங்கக் கால் செக்கன், பதில் அதே வழியால் வர இன்னொரு கால் செக்கன். மொத்தம் அரைச் செக்கன். இவனுடைய கணக்கில் 500 பிங். வெளிநாட்டோடு அந்தக் காலத்தில் கதைத்த எல்லாருக்கும் இது தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரம் கதைப்போம், இரண்டு பேரும் ஒரே நேரம் நிறுத்துவோம், பிறகு இரண்டு பேரும் “சொல்லு, சொல்லு” என்போம். எங்களுக்குத் தெரிந்த விடயம்தான். பெயர்தான் தெரியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு கடை கடையாக ஏறினோம்.

எங்கே போனாலும் விற்பவர்கள் சொல்வது வேகத்தை. 50 எம்.பி., 100 எம்.பி. என்பார்கள். வேகம் என்பது குழாயின் அகலம் போன்றது. ஒரே நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை அது சொல்லும். குழாயைத் திறந்து எத்தனை நேரத்தில் முதல் துளி வரும் என்பதைச் சொல்லாது. படம் பார்க்க அகலம் தேவை. விளையாட்டுக்கு முதல் துளி சுணங்காமல் வர வேண்டும், எப்போது திறந்தாலும் ஒரே மாதிரி வர வேண்டும். “பிங் எவ்வளவு வரும்? இரவு எட்டு மணிக்கு எவ்வளவு வரும்?” என்று நான் கேட்டபோது ஒரு கிளையில் இருந்த பெடியன் என்னைப் பார்க்காமல் மகனைப் பார்த்து, “தம்பி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, விளங்கப்படுத்திறன்” என்றான். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வெயிலுக்குள் வந்த பிறகும் கையை விடவில்லை.

அதனால் நாங்களே அளப்பது என்று முடிவெடுத்தோம். டயலொக், எஸ்.எல்.ரி.-மொபிட்டல், ஹட்ச் என்று அயலட்டையில் யாரிடம் எந்தச் சிம் இருக்கிறதோ அதை ஒரு நாளைக்குக் கடன் வாங்கினோம். எயார்டெல் 2024 இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டதால் அதைத் தனியாகப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. காலை ஆறு மணி, மத்தியானம், இரவு எட்டு மணி, பத்து மணி என்று மகன் பிங்கைப் பார்த்துச் சொல்ல, நான் என்னுடைய அளவுக் கொப்பியில் எழுதினேன். ஒரு பக்கத்தில் ரீச்சருடைய சட்டைக்கு மார்பு 38, கை 7 அரை. மறுபக்கத்தில் 64, 71, 188, 90, 230. அந்தக் கொப்பி இன்றும் இருக்கிறது.

எந்தச் சிம் என்றாலும் ஒரே விதமான கதைதான். விடியக் காலையில் நல்லாக இருக்கும். இரவு எட்டு மணிக்குக் குழம்பும். 4ஜி என்பது ஒரு கோபுரத்தின் காற்றை ஊரெல்லாம் பகிர்ந்து பாவிப்பது. எங்கள் ஊரில் இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் வெளிநாட்டோடு வீடியோவில் கதைப்பார்கள், நாடகம் பார்ப்பார்கள். கோபுரத்துக்கும் எங்கள் கூரைக்கும் நடுவில் நிற்கும் பனைகளும் தங்கள் பங்குக்கு மறிக்கும். வீட்டுக்கென்று வைக்கிற 4ஜி றூட்டரும் அதே கோபுரத்தைத்தான் நம்பியிருக்கிறது. யன்னலடியில் உயர வைத்தால் கொஞ்சம் திருந்தும், இரவு நெரிசல் திருந்தாது.

யாழ்ப்பாணம் தூரம்தானே, கொழும்பிலிருக்கிற பிள்ளைகளுக்குக் கிடைப்பது எங்களுக்குக் கிடைக்குமோ என்று நான் பெருமூச்சு விட்டேன். இந்தப் பெருமூச்சு எங்களில் எல்லாருக்கும் பழக்கம்தானே. மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒளியிழைக் கம்பிக்குள் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. இங்கிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர். போய் வர 800. அதற்கு எடுக்கும் நேரம் 4 மில்லிசெக்கன். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் 2,700 கிலோமீற்றர், போய் வர 27 மில்லிசெக்கன். வழியில் உள்ள இயந்திரங்களும் வளைவு நெளிவுகளும் எடுப்பது மிச்சம். யாழ்ப்பாணத்தில் இருப்பதற்காக நாங்கள் கொடுப்பது வெறும் நாலு! இவ்வளவு காலமும் எத்தனை விடயத்தில் தூரத்தின் தலையில் பழியைப் போட்டிருப்போம் என்று யோசித்தேன். கூடுதலாகப் போகிற நூறும் இருநூறும் எங்கள் ஒழுங்கைக்கும் கோபுரத்துக்கும் இடையில்தான் போகிறது.

இன்னொன்றும் சொன்னான். காங்கேசன்துறையிலிருந்து பார்த்தால் நாகபட்டினம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர்தான். 2023 ஒக்ரோபரில் அந்த வழியே பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியது. இன்ரநெற்றுக்கு அந்த வழி இல்லை. அது முதலில் தெற்கே போக வேண்டும். கடலடிக் கம்பிகள் கரையேறுவது கொழும்புப் பக்கத்திலும் மாத்தறையிலும்தான். அதாவது இவன் சுடுகின்ற வெடி மாங்குளம் தாண்டி, வவுனியா தாண்டி, அனுராதபுரம் தாண்டித்தான் கடலுக்கு இறங்குகிறது. ஏ-9 பாதை 2002 சித்திரையில் திறந்து, 2006 ஆவணியில் திரும்பவும் பூட்டியதைக் கண்ட எனக்கு அது என்னவோ போல இருந்தது. சோதனைச் சாவடி இல்லாமல் போய்வருகிறதே.

ஆடி மாதம் ஸ்ரார்லிங்க் என்ற செய்மதி இணைப்பும் இலங்கைக்கு வந்தது. செய்மதி என்றதும் நான் கையை எடுத்துக் கும்பிட்டேன். இது அந்தப் பழைய செய்மதி அல்ல, ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவது, சுணக்கம் குறைவு என்று மகன் சொன்னான். இருக்கட்டும். தட்டின் விலையைக் கேட்டதும் அந்தக் கதை முடிந்தது. கம்பி போகாத தீவுப் பக்கத்து வீடுகளுக்கு நாலைந்து பேர் சேர்ந்து எடுத்தால் உதவுமோ தெரியாது.

மிச்சம் பைபர் கம்பி. ஒழுங்கை முகப்பு வீட்டு ரீச்சரிடம் அது இருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு இவன் கொம்பியூட்டரைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் அங்கே இருந்து விளையாடிப் பார்த்தான். எட்டு மணிக்கு 61. பத்து மணிக்கு 62. அளவுக் கொப்பியில் அந்த வரியின் கீழே இரண்டு கோடு இழுத்தேன். அதுவும் ரீச்சர் எடுத்திருந்தது மிகக் குறைந்த வேகத் திட்டம். நூறு எம்.பி. எல்லாம் எங்களுக்குத் தேவையே இல்லை.

மாதக் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பல இடங்களில் வரிக்கு முந்திய விலை. 2024 தையிலிருந்து வற் மட்டுமே நூற்றுக்கு 18, அதைவிட வேறு வரியும் உண்டு. கையில் கட்டப்போவது எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நான் ஏற்கெனவே போனுக்கு மாதம் மாதம் போட்ட றீலோட்டுகளைக் கூட்டினேன், 2,700 ரூபா. புதிய கட்டணம் அதைவிட நானூறு ரூபாதான் கூட. டேட்டா அளவும் பயந்தது போல இல்லை. விளையாட்டு ஒரு மணித்தியாலத்துக்குச் சில நூறு எம்.பி.தான் தின்னும். படங்களும் வீடியோக்களும்தான் ஜி.பி. கணக்கில் தின்பவை. விளையாட்டைப் புதுப்பிக்கிற நாளில் மட்டும் பல ஜி.பி. போகும். சில திட்டங்களில் நள்ளிரவுக்குப் பின் பாவிக்கத் தனி டேட்டா தருகிறார்கள். அதில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவான்.

விண்ணப்பம் கொடுக்கப் போனபோதுதான் பெரிய மறியல். வீட்டு முகவரியை உறுதிப்படுத்தக் கரண்ட் பில் கேட்டார்கள். கரண்ட் பில் அவருடைய பெயரில். அவருடைய கையொப்பம் வேண்டும், அல்லது மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். நான் மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு சான்றிதழ் எடுக்க 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு என்பது தெரியும், அதையும் நான் எடுத்ததில்லை. பதினாறு வருடமாக இந்தக் கேள்வியை வங்கியில், பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். விளையாட்டுக்கு லைன் எடுக்கப் போன இடத்திலும் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. மகன் பக்கத்தில் நின்றான். அவனுக்கு முன்னால் என்ன சொல்வது?

“அவர் இல்லை. வந்தால் கையொப்பம் வைப்பார்” என்றேன். அந்தப் பிள்ளை, பாவம், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், என்னைப் பார்த்துவிட்டு உள்ளே எழும்பிப் போய் யாரையோ கேட்டு வந்தா. விதானையாரிடம் என் பெயரில் வதிவிடக் கடிதம் எடுத்து வந்தால் போதும் என்றா. அடுத்த நாளே எடுத்துக் கொடுத்தேன். இதே நிலையில் இருக்கும் சகோதரிகள், போகும்போதே விதானையாரின் கடிதத்தையும் கொண்டுபோய்விட்டால் அந்தக் கேள்வி வராமலே தப்பலாம்.

பிறகு காத்திருப்பு. கம்பத்துப் பெட்டியில் எங்கள் பக்கத்துக்கு இடம் நிரம்பிவிட்டது, புதிதாகப் பெட்டி போட வேண்டும் என்றார்கள். ஐந்து கிழமை. ஆவணி கடைசியில் இரண்டு பெடியள் ஏணியோடு வந்தார்கள். வேப்பங்கொப்பு ஒன்றைத் தறித்துக் கம்பியை இழுத்தார்கள். மயிர் போல மெல்லிய கண்ணாடி இழை. இதற்குள்ளால்தானா எல்லாம் போகிறது என்று மாமி கிட்டப் போய்ப் பார்த்தா.

எங்கள் வீடு பழைய சுண்ணாம்புக்கல் வீடு, ஒன்றரை அடிச் சுவர். முன் விறாந்தையில் வைத்த றூட்டரின் வைபை இரண்டாவது அறைக்குள் வரும்போது மெலிந்துபோனது. அதற்கு மருந்து மலிவு: றூட்டரிலிருந்து கொம்பியூட்டருக்கு நேரே ஒரு வயர். கதவு நிலையோரம் ஆணியடித்து நானே கொண்டுபோனேன். கரண்ட் போனால் பைபர் றூட்டரும் போய்விடும் என்பதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில் அதை எப்படி மறப்பது? றூட்டருக்கென்று சின்ன பற்றரிப் பெட்டி விற்கிறார்கள், அடுத்த சீட்டுக் காசில் வாங்க இருக்கிறேன். பழைய போன் சிம்மையும் கைவிடவில்லை. கரண்ட் போன நேரத்துக்கு உதவும்.

விளையாட்டு நேரத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டோம். கிழமை நாட்களில் ஒரு மணித்தியாலம், சனிக்கிழமை மூன்று. ஏ.எல். முடியும்வரை. எல்லா நாளும் அதன்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். இரண்டு தரம் வயரைக் கழற்றி என் அளவுக் கொப்பிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

புரட்டாதியில் அடுத்த போட்டி நடந்தது. முதல் ஆட்டம் வென்றார்கள். இரண்டாவதில் கொழும்புப் பாடசாலை ஒன்றிடம் 13 க்கு 9 என்று தோற்றார்கள். நான் கதவு நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அவனுடைய காதுக்குள் இருந்தது. திரையின் மூலையில் உள்ள இலக்கத்தை மட்டும் பார்த்தேன். 61, 61, 63, 61.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினான்.

“தோத்திட்டம் அம்மா.”

“லைனாலயோ?”

“இல்லை. அவங்கள் நல்லா விளையாடினவங்கள்.”

விறாந்தையிலிருந்து மாமி கேட்டா, “பிள்ளை, ஆர் வெண்டது?”